கேயாஸ் ரேடாரில் போலி இலக்குகள்: என் அனுபவம்

கேயாஸ் ரேடார் என்பது ஒழுங்கே இல்லாததுபோல் தோன்றும் சிக்னலை அனுப்பி, திரும்பி வரும் எதிரொலியை அதனோடு ஒப்பிட்டுத் தூரம் சொல்லும் ரேடார். சோதனைக்கு வைத்தது ஒரே ஒரு உலோகத் தகடு. திரையில் அதற்குப் பின்னால் சம இடைவெளியில் வரிசையாகப் போலி இலக்குகள். ஆன்டெனாவைக் கழற்றிவிட்டு வெளியீட்டைக் கேபிள் வழியாக நேரே உள்ளீட்டில் செருகினேன். அப்போதும் அதே வரிசை. ஆக, கோளாறு சிக்னலிலேயே.

எஃப்.பி.ஜி.ஏ.வில் (சுற்றை நாமே அமைத்துக்கொள்ளும் சிப்) 16 பிட் லாஜிஸ்டிக் மேப்தான் (ஒரு மதிப்பிலிருந்து அடுத்த மதிப்பைத் தரும் எளிய சூத்திரம்) கேயாஸ் சிக்னலைத் தந்துகொண்டிருந்தது. காகிதத்தில் அது திரும்பவே திரும்பாது. ஆனால் 16 பிட்டில் மொத்தமே 65,536 நிலைகள். வந்த மதிப்பு மறுபடி வந்துவிட்டால், பிறகு பழைய குருடி கதவைத் திறடி கதைதான். நடைமுறையில் சில நூறு மாதிரிகளிலேயே (சாம்பிள், அதாவது அடுத்தடுத்து வரும் மதிப்புகள்) சுழற்சியில் விழுந்துவிடும். நொடிக்கு 10 கோடி மாதிரிகள் என்றால் ஒரு மாதிரிக்கு 1.5 மீட்டர் தூரம். சிக்னல் திரும்பத் திரும்ப வந்தால் எதிரொலி ஒவ்வொரு சுழற்சியிலும் பொருந்திப்போகும்; சுழற்சி 200 மாதிரி என்றால் 300 மீட்டருக்கு ஒரு பேய் இலக்கு.

நிலையை 32 பிட்டாக்கினேன். சுழற்சி நீண்டதே தவிர ஒழியவில்லை. அதனால் குறிப்பிட்ட இடைவெளியில் ஒரு எல்.எஃப்.எஸ்.ஆர். (தற்செயல்போல் தோன்றும் பிட்டுகளைத் தரும் எளிய சுற்று) தரும் பிட்டை, நிலையின் கடைசி பிட்டோடு எக்ஸார் (இரண்டும் வேறானால் 1, ஒன்றானால் 0) செய்தேன். இது சுத்தமான கேயாஸ் இல்லை என்பார்கள், சொல்லிவிட்டுப் போகட்டும். போலி வரிசை மறைந்தது.

இன்னொன்று: மதிப்பை அலையின் வீச்சாக அனுப்பாமல் ஃபேஸாக (அலையின் கட்டமாக) மாற்றி அனுப்பினால் வீச்சு மாறாது; அதனால் சிக்னலைப் பெருக்கும் பவர் ஆம்ப்ளிஃபயரை முழுத் திறனில் ஓட்டலாம்.