கனடாவில் முதல் வீடு: எஃப்.எச்.எஸ்.ஏ. பணத்தை வரியில்லாமல் எடுப்பது எப்படி?

வீடு வாங்க இன்னும் சில ஆண்டுகள் ஆகும் என்றாலும் எஃப்.எச்.எஸ்.ஏ. எனும் முதல் வீட்டுச் சேமிப்புக் கணக்கை இப்போதே திறந்துவிடுங்கள். ஆண்டுக்கு 8,000 டாலர், வாழ்நாளில் 40,000 டாலர் வரை போடலாம். போட்டதற்கு வரிக்கழிவு உண்டு. போடாமல் விட்டதில் 8,000 வரை அடுத்த ஆண்டுக்குச் சேரும், ஆனால் கணக்கைத் திறந்தவர்களுக்கு மட்டும். ஆர்.ஆர்.எஸ்.பி. எனும் ஓய்வுக்காலச் சேமிப்புக் கணக்கில், ஆண்டு முடிந்து 60 நாள் வரை போட்டதையும் அந்த ஆண்டுக் கணக்கில் கழிக்கலாம். அந்தச் சலுகை இதற்குக் கிடையாது. டிசம்பர் 31தான் கடைசி.

எடுக்கும்போது வரிசை தவறக்கூடாது. முதலில் வாங்கவோ கட்டவோ எழுத்து மூல ஒப்பந்தம். பிறகு ஆர்.சி. 725 படிவத்தை நிரப்பிக் கணக்குள்ள வங்கியில் கொடுங்கள். படிவமின்றி எடுத்தால் முழுத்தொகையும் வருமானமாகி வரி விழும். வீடு உங்கள் பெயருக்கு வந்து 30 நாள் தாண்டினாலும் அதே நிலைதான். ஓராண்டுக்குள் அங்கே குடியேறும் எண்ணமும் இருக்கவேண்டும்.

போதவில்லையா? வீடு வாங்குவோர் திட்டத்தில் ஆர்.ஆர்.எஸ்.பி.யிலிருந்து ஒருவர் 60,000 வரை எடுக்கலாம். இரண்டையும் ஒரே வீட்டுக்குச் சேர்க்கலாம். ஆனால் ஆர்.ஆர்.எஸ்.பி.யில் போட்டு 90 நாள் ஆகாத பணத்தைத் தொட்டால் அதற்கான வரிக்கழிவு பறிபோகலாம். அதிலிருந்து எடுத்ததை 15 ஆண்டுகளில் திருப்பிப் போடவும் வேண்டும். எஃப்.எச்.எஸ்.ஏ. பணத்துக்கு அந்தச் சுமை இல்லை. அதனால் முதலில் அதை நிரப்புவதே நல்லது.