மஸ்கட் முதல் கலூஃப் வரை: பாலைவனக் கடலோரத்தில் முதல் கேம்பிங் பயணம் போவது எப்படி?

நவம்பரில் ஓமான் தேசிய தின விடுமுறை நெருங்கினால் எங்கள் வாட்ஸ்அப் குழுவில் யாராவது ஒருவர் எழுதிவிடுவார்: "மச்சான், இந்தத் தடவை சலாலா வரைக்கும் கடலோரமாவே போயிடலாமா?" உள்நாட்டுச் சாலையில் போனாலே மஸ்கட்டிலிருந்து சலாலா ஏறக்குறைய 1,000 கிலோமீட்டர். கடலை ஒட்டிச் சுற்றினால் இன்னும் கூடும். முதல் தடவை போகிறவர்களுக்கு அது வேண்டாம். நான்கு நாளும் ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டே கழியும், கடல் பக்கவாட்டுக் கண்ணாடியில் மட்டும் தெரியும்.

நான் சொல்வது நான்கு பகல், மூன்று இரவு. மஸ்கட்டில் தொடங்கி சூர், ராஸ் அல் ஹத், அல் அஷ்கரா, மஹூத் வழியாகக் கலூஃப் என்ற மீனவர் ஊர் வரை. திரும்பும்போது உள்நாட்டு வழி. இதை நான்கு தடவை போயிருக்கிறேன். இரண்டு தடவை புதைந்திருக்கிறேன். கீழே எழுதியிருப்பதில் பாதி அந்த இரண்டு தடவையில் கற்றது.

1. மாதம், ஆள், வண்டி

நவம்பர் நடுவிலிருந்து பிப்ரவரி வரை போங்கள். பகலில் வெயில் பொறுக்கும்படி இருக்கும், இரவில் ஒரு போர்வை கேட்கும். ஜூன் முதல் செப்டம்பர் வரை தென்மேற்குப் பருவக்காற்று இந்தக் கரையை அறையும். நமக்குக் குற்றாலத்தில் சாரல் தருகிற அதே காற்று, இங்கே மணலை அள்ளிச் சாலையில் கொட்டும், டென்டைப் பிய்க்கும், கடலைக் கொந்தளிக்க வைக்கும்.

இரண்டு வண்டி கட்டாயம். ஒன்று புதைந்தால் இழுக்க இன்னொன்று. இரண்டும் நால்சக்கர இயக்கம் உள்ளவையாக இருக்கட்டும். பார்க்க உயரமாக இருப்பதெல்லாம் ஃபோர் வீல் ஆகாது. வாடகை வண்டி என்றால் ஒப்பந்தத்தை உட்கார்ந்து வாசியுங்கள். தார்ச்சாலையை விட்டு இறங்கினால் காப்பீடு கிடையாது என்று எங்காவது சின்ன எழுத்தில் இருக்கும். என் முதல் பயணத்தில் அதை வாசிக்காமல் கையெழுத்துப் போட்டேன். அடிப்பாகத்தில் விழுந்த ஒரு கீறலுக்கு முன்பணம் முழுவதும் போனது.

ஒரு வண்டிக்கு நான்கு பேர் என்பது சாமான் இல்லாதவர்கள் போடும் கணக்கு. மூன்று பேர் சரி.

2. எடுத்துக்கொள்ள வேண்டியவை

டென்டையும் அடுப்பையும் பற்றித்தான் எல்லோரும் முதலில் பேசுவார்கள். நீங்கள் இந்த ஆறைச் சரிபார்த்த பிறகு அதற்குப் போங்கள்:

- டயர் அழுத்தம் பார்க்கும் கேஜ்
- பேட்டரியில் நேராக மாட்டும் காற்று கம்ப்ரசர் (சிகரெட் லைட்டரில் சொருகும் சின்னது பெரிய டயருக்குத் திணறும்)
- நீளக் கைப்பிடி மண்வெட்டி ஒன்று, குட்டை ஒன்று
- மணல் பலகை ஒரு ஜோடி (புதைந்த சக்கரத்துக்கு அடியில் கொடுப்பது)
- இழுவைக் கயிறும் இரண்டு ஷேக்கிளும் (கயிற்றைக் கொக்கியில் மாட்டும் இரும்பு வளையம்)
- காற்று நிறைந்த ஸ்டெப்னி, ஜாக்கி, ஜாக்கிக்கு அடியில் வைக்க ஒரு தடித்த மரப்பலகை. பலகை இல்லாவிட்டால் வண்டி மேலே ஏறாது, ஜாக்கிதான் மணலுக்குள் இறங்கும்.

தண்ணீர், குடிக்கவும் சமைக்கவும் ஆளுக்கு ஒரு நாளைக்கு 5 லிட்டர். ஆறு பேர், நான்கு நாள் என்றால் 120 லிட்டர். அலுவலகத்தில் கவிழ்த்து வைப்பார்களே, அந்த ஐந்து காலன் பாட்டில் ஏழு வாங்கினால் பாத்திரம் கழுவவும் கொஞ்சம் மிஞ்சும். இரண்டு வண்டிக்கும் பிரித்து வையுங்கள்.

பெட்ரோலுக்கு என் விதி ஒன்றுதான்: டேங்க் பாதிக்குக் கீழே இறங்கினால், அடுத்துக் கண்ணில் படும் பங்கில் நிரப்பிவிட வேண்டும். முக்கியமாக சூரிலும் அல் அஷ்கராவிலும் நிரப்பாமல் கிளம்பாதீர்கள்.

மளிகைக்கு மஸ்கட்டின் ரூவி கடைவீதி போதும். நம்ம ஊர்க் கடைகளில் புளிக்காய்ச்சல், அப்பளம், சுக்கு மல்லிப் பொடி எல்லாம் கிடைக்கும். வரைபடத்தை இணையம் இல்லாமல் பார்க்கும்படி முன்பே இறக்கிக்கொள்ளுங்கள். எங்கே போகிறோம், எப்போது திரும்புவோம் என்று மஸ்கட்டில் இருக்கும் ஒருவரிடம் எழுதிக் கொடுத்துவிடுங்கள். அவசரத்துக்கு ஓமான் காவல்துறை எண் 9999.

3. முதல் நாள்: ஃபின்ஸ் வரை மட்டும்

காலையில் கிளம்பி, குரையாத் தாண்டி, பிம்மா பள்ளத்தில் ஒரு குளியல். சுண்ணாம்புப் பாறை உள்வாங்கி உண்டான ஆழ்குழி அது. பச்சை நீர், கால் வைத்தால் கடிக்கும் குட்டி மீன்கள். அங்கிருந்து ஃபின்ஸ் பக்கத்துக் கூழாங்கல் கரைகள் அருகில்தான். தரை கெட்டியாக இருப்பதால் முதல் இரவுக்கு இதைவிட நல்ல இடம் இல்லை: வண்டி புதையாது, ஏதாவது மறந்திருந்தால் சூருக்கு ஓடி வாங்கிவிடலாம்.

எங்கே இருந்தாலும் மாலை நான்கு மணிக்குள் இடம் பிடித்துவிட வேண்டும். டிசம்பரில் ஐந்தரைக்கு முன் சூரியன் போய்விடும். இருட்டில் டென்ட் அடிக்கும்போதுதான் நண்பர்களுக்குள் பழைய கணக்கெல்லாம் வெளியே வரும்.

வாதிக்குள் மட்டும் படுக்காதீர்கள். காய்ந்த ஆற்றுப்படுகை, நிழல், சமதளம், பார்க்க ஆசையாகத்தான் இருக்கும். மழை தொலைவு மலையில் பெய்யும், வெள்ளம் உங்கள் தலைமாட்டில் வரும். 2007 ஜூனில் கோனு புயல் வந்தபோது இந்தக் கரையோர வாதிகள் சாலைகளையே அடித்துக்கொண்டு போயின. ஓடும் வாதிக்குள் வண்டியை இறக்குவது இங்கே சட்டப்படி குற்றமும்கூட.

4. இரண்டாம் நாள்: சூர், ஆமைக்கரை, அல் அஷ்கரா

கூட்டம் வருமுன் வாதி ஷாபுக்குப் போய்விடுங்கள், தண்ணீர் நிற்கும் பள்ளத்தாக்கு அது. சின்னப் படகில் அக்கரை சேர்ந்து முக்கால் மணி நேர நடை, அப்புறம் நீச்சல். அரைக்கால் சட்டையோடு ஊருக்குள் நடக்காதீர்கள். முழங்கால் மறையட்டும்.

சூரில் மதியம். மரக்கலம் கட்டும் பட்டறையை எட்டிப் பாருங்கள். ஒரு காலத்தில் இங்கே கட்டிய கலங்களுக்குத் தேக்கு மலபார்க் கரையிலிருந்துதான் வந்தது.

ராஸ் அல் ஜின்ஸ் பச்சை ஆமைகள் கரையேறி முட்டையிடும் காப்பகம். அனுமதிச் சீட்டோடு, வழிகாட்டியோடு இரவில் பார்க்கலாம். அந்தப் பக்கத்துக் கடற்கரையில் டென்ட் அடிக்காதீர்கள். கரையில் வெளிச்சம் தெரிந்தால் தாய் ஆமை முட்டையிடாமலே திரும்பிவிடும். பொரித்த குஞ்சுகள் கடல் என்று நினைத்து உங்கள் விளக்கை நோக்கி நடக்கும்.

ஆமை பார்க்க இருந்தால் காப்பகத்திலோ ஊரிலோ அறை எடுத்துத் தங்குங்கள். இல்லையென்றால் வெளிச்சம் இருக்கும்போதே அல் அஷ்கரா தாண்டிவிடுங்கள். ஆமை பார்த்துவிட்டு இரவோடு இரவாக ஓட்டுவதுதான் எல்லோரும் செய்யும் தப்பு. சாலையில் ஒட்டகம் நிற்கும். அதன் கால் உயரத்துக்குத்தான் ஹெட்லைட் அடிக்கும், உடம்பு கண்ணாடிக்கு நேராக இருக்கும். மேலே எழுத வேண்டியதில்லை.

5. மணலில் இறங்குவதற்கு முன்: காற்று

மூன்றாம் நாள் சாலை, ஷர்கியா மணற்பரப்பு கடலைத் தொடும் இடம் வழியாகப் போகிறது. வலப்பக்கம் மணல்மேடு, இடப்பக்கம் அலை. சில இடங்களில் மணல் சாலைக்கே வந்து படுத்திருக்கும். இங்கேதான் உங்களுக்கு உண்மையான வேலை தொடங்குகிறது.

தார்ச்சாலையில் டயரில் 35 பிஎஸ்ஐ சுற்றி இருக்கும். மணலில் இறங்குமுன் 18க்கு இறக்குங்கள். மாவு போன்ற மணல் என்றால் 15. காற்று குறைந்தால் டயர் தரையில் படும் நீளம் கூடும், வண்டியின் எடை பரவும், மணலை வெட்டாமல் மிதந்து போகும். ஒட்டகத்தின் பாதத்தைப் பாருங்கள், அகலமாக, மெத்தென்று இருக்கும். அதே கணக்குதான். குதிரைத்திறன் இதற்கு ஈடாகாது. பெரிய எஞ்சின் வைத்திருப்பவர்தான் காற்று இறக்கச் சோம்பல் பட்டு முதலில் புதைவார்.

காற்று இறக்கிய பிறகு மூன்று விஷயம். வேகமாக ஓட்டாதீர்கள். ஸ்டியரிங்கைச் சட்டென்று ஒடிக்காதீர்கள், டயர் ரிம்மை விட்டுக் கழன்றுவிடும். பிரேக்கை அழுத்தி நிறுத்தாதீர்கள், அழுத்தினால் சக்கரத்துக்கு முன்னால் மணல் குவிந்து, கிளம்பும்போது அதுவே சுவராகும். காலை எடுத்துவிட்டுத் தானாக நிற்க விடுங்கள், முகப்பு இறக்கத்தைப் பார்த்தபடி.

சப்கா என்பது வேறு ஆபத்து. மஹூத் பக்கம், பர் அல் ஹிக்மான் தீபகற்பம் வரை நீளும் உப்புத்தரை. மேலே வெள்ளை ஓடு, சிமென்ட் போட்டது போல் இருக்கும். கீழே களி. அதில் புதைந்தால் மண்வெட்டியால் ஒன்றும் ஆகாது. பழைய சக்கரத் தடத்தை விட்டு ஒரு அடிகூட விலகாதீர்கள். குளிர்காலத்தில் அங்கே வலசைப் பறவைகள் ஆயிரக்கணக்கில் இறங்கும். பைனாகுலர் வைத்துச் சாலையோரத்திலிருந்தே பாருங்கள்.

6. புதைந்தால்

சக்கரம் சுழன்று வண்டி நகரவில்லை என்றால் ஆக்சிலரேட்டரிலிருந்து காலை எடுங்கள். அந்த நொடியிலேயே. இன்னும் ஒரு மிதி மிதித்தால் அச்சு வரை இறங்கிவிடும். எல்லோரும் இறங்குங்கள். சக்கரத்துக்கு முன்னாலும் பின்னாலும், அடிவயிறு தரையில் உட்கார்ந்திருந்தால் அங்கேயும் மணலைத் தோண்டி எடுங்கள். காற்றை 12 வரை இறக்குங்கள். வந்த தடத்திலேயே பின்னோக்கி எடுப்பதுதான் எளிது, அந்த மணல் ஏற்கெனவே அமுங்கியிருக்கும். முடியாவிட்டால் சக்கரத்துக்கு அடியில் மணல் பலகை. அதற்கும் மசியாவிட்டால் கயிறு.

கயிறு கட்டும்போது வண்டியின் இழுவைக் கொக்கியில் மட்டும் கட்டுங்கள். டிரெய்லர் மாட்டும் உருண்டையில் கட்டினால் அது பிய்ந்து குண்டு போலப் பறக்கும். கயிற்றின் நடுவில் ஒரு கனமான போர்வையைப் போடுங்கள், மற்றவர்கள் கயிற்று நீளத்துக்கு மேல் தள்ளி நிற்கட்டும்.

என் இரண்டாவது பயணம். கலூஃப் கரை, பௌர்ணமிக்கு மறுநாள். ஈர மணல் கெட்டியாக இருக்கிறதே என்று அலைக்குப் பக்கத்தில் வண்டியை நிறுத்திவிட்டுச் சமைக்க உட்கார்ந்தோம். சாப்பிட்டு நிமிர்ந்தால் பின்சக்கரத்தை நுரை தொடுகிறது. பதற்றத்தில் நான் மிதிக்க, வண்டி கதவு வரை இறங்கியது. தோண்டத் தோண்டக் குழியில் தண்ணீர் ஊறியது. படகு இழுக்கும் பிக்கப்போடு இரண்டு மீனவர்கள் வந்தார்கள். பெரியவர் என் டயரை விரலால் அழுத்திப் பார்த்தார். கல் மாதிரி இருந்தது. "ஹவா, ஹவா" என்றார். காற்று. அதற்கு மொழிபெயர்ப்பே தேவைப்படவில்லை. அவரே வால்வைத் திறந்துவிட்டு, கயிற்றைக் கட்டி, ஐந்து நிமிடத்தில் வெளியே எடுத்துப் போட்டார். பணம் வாங்கவில்லை. சுக்கு காபி குடித்தார்கள், முகம் சுளித்தபடி.

ஆகவே கடல் ஏறும், வற்றும் நேரத்தை முன்கூட்டியே பார்த்துக்கொள்ளுங்கள். அமாவாசை, பௌர்ணமியை ஒட்டி ஏற்றம் அதிகம். மணலில் காய்ந்த பாசி வரிசையாகக் கிடக்கும், அதுதான் கடல் கடைசியாக வந்து தொட்ட எல்லை. வண்டியும் டென்டும் அதற்கு நன்றாக மேலே.

7. கலூஃபில் இரவு

ஊருக்குத் தெற்கே வெள்ளை மணல்மேடுகள் கடல் வரை இறங்கும். சர்க்கரையைக் கொட்டியது போல இருப்பதால் ஆங்கிலத்தில் அப்படியே பெயர் வைத்துவிட்டார்கள். வீடுகளிலிருந்தும் மீனவர்களின் வலைகளிலிருந்தும் தள்ளிப் போய் இடம் பாருங்கள்.

டென்டோடு வரும் கம்பி முளை மணலில் நிற்காது. ஒரு பையில் மணலை நிரப்பி, கயிற்றைக் கட்டி, முழங்கை ஆழத்தில் புதைத்து மிதியுங்கள். வண்டிகளைக் காற்று வரும் பக்கம் நிறுத்தினால் மறைப்பாகும், டென்ட் வாசல் எதிர்ப்பக்கம். விடியற்காலையில் பனி சொட்டும், செருப்பையும் அரிசியையும் வெளியே விடாதீர்கள். செருப்பைக் காலையில் தட்டிவிட்டுப் போடுங்கள், தேள் இருக்கலாம்.

மீன் கரையிலேயே வாங்கலாம். வஞ்சிரம் கிடைத்தால் அதிர்ஷ்டம், சூரை கிடைத்தாலும் குறையில்லை. மசாலாவை வீட்டிலேயே கலந்து எடுத்து வந்துவிடுங்கள், மணல்காற்றில் அளந்து கலப்பது நடக்காது. விறகும் மஸ்கட்டிலிருந்தே வரட்டும். வழியில் தனியாக நிற்கும் காஃப் மரத்தை ஒடிக்காதீர்கள். அது வேறு யாருமில்லை, நம் கோயில்களில் தலமரமாக நிற்கும் அதே வன்னி. இந்த மணலில் அவ்வளவு வளர அது எத்தனை வருடம் பட்டிருக்கும்!

கழிப்பறைக்கு மண்வெட்டியும் ஒரு சாண் ஆழக் குழியும். காகிதத்தைப் பையில் போட்டுக் குப்பையோடு திருப்பி எடுத்து வாருங்கள்.

8. திரும்பும்போது

தார்ச்சாலையில் ஏறியதும் முதல் வேலை, டயரில் பழையபடி காற்றை நிரப்புவது. குறைந்த காற்றோடு 100 கிலோமீட்டர் வேகத்தில் ஓட்டினால் டயர் சூடேறி வெடிக்கும். நான்கு டயருக்கும் சேர்த்து அரை மணி நேரம் ஆகும், அதற்குள் மற்றவர்கள் டீ போடலாம். அங்கிருந்து சினாவ் வழியாக மஸ்கட், சுமார் 450 கிலோமீட்டர். காலை எட்டுக்குள் கிளம்பினால் ஒட்டகத்துக்கு முன் வீடு.

மறுநாள் வண்டியை அடிப்பாகத்தோடு நல்ல தண்ணீரில் கழுவக் கொடுங்கள், உப்பு ஒரு வாரத்தில் வேலையைக் காட்டிவிடும். டென்டை மொட்டைமாடியில் ஒரு முழு வெயில் காய வைத்து மடியுங்கள். காயாமல் மடித்தால் அடுத்த நவம்பரில் பிரிக்கும்போது பூஞ்சை வாடை தூக்கிப் போடும். எங்கள் பச்சை டென்ட் அப்படித்தான் போனது.