டெஸ்டோஸ்டிரோன் ஊசி போடும் ஆண்கள் ஈஸ்ட்ரோஜனைக் கவனிப்பது எப்படி?

மாம்பலம் ஸ்டேஷன் மேம்பாலப் படியில் பாதி ஏறி, கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு நின்றுவிட்டேன். முட்டியும் விரல் மூட்டுகளும் எண்ணெய் காணாத கீல் மாதிரி இருந்தன. காரணம் வயதல்ல, ஒரு மாத்திரை. ஊசி ஆரம்பித்துச் சில மாதங்களில் மார்க்காம்பு லேசாக வலித்தது. "ஈஸ்ட்ரோஜன் ஏறிடுச்சு மச்சான், அனஸ்ட்ரோசோல் போடு" என்றான் ஜிம் நண்பன். ஈஸ்ட்ரோஜனைக் குறைக்கும் மாத்திரை அது. மெடிக்கல் ஷாப்பில் சீட்டு கேட்காமலே கொடுத்தார்கள். ரத்தம்கூடப் பார்க்காமல் விழுங்கினேன். நீங்கள் அப்படிச் செய்யாமலிருக்க, வரிசையாகச் சொல்கிறேன்.

படி 1: ஈஸ்ட்ரோஜன் எதிரி இல்லை

உடம்பில் அரோமடேஸ் என்றொரு நொதி இருக்கிறது. டெஸ்டோஸ்டிரோனில் ஒரு பங்கை ஈஸ்ட்ரடியாலாக, அதாவது ஈஸ்ட்ரோஜனின் முக்கிய வகையாக, மாற்றுவது அதன் வேலை. கொழுப்புத் திசுவில் அது நிறைய உண்டு. அதனால்தான் தொப்பை பெரிதாக இருப்பவருக்கு மாற்றமும் அதிகம். ஆண்களுக்கும் எலும்பு உறுதிக்கும் பாலுணர்வுக்கும் ஈஸ்ட்ரடியால் தேவை. அதை அடிமட்டத்துக்கு இறக்கினால் மூட்டு வலிக்கும், ஆசை போகும், எலும்பு தேயும். முதல் இரண்டும் எனக்கு நடந்தன.

படி 2: பரிசோதனைக்கு ரத்தத்தைச் சரியான நாளில் கொடுங்கள்

இதில்தான் பெரும்பாலானோர் கோட்டை விடுகிறார்கள். ஊசி போட்ட சில நாட்களில் ரத்தத்தில் ஹார்மோன் அளவு உச்சத்தில் இருக்கும், அடுத்த ஊசி நெருங்கும்போது இறங்கிவிடும். உச்சத்தில் எடுத்த எண்ணைப் பார்த்துப் பதறுவதில் அர்த்தமில்லை. இரண்டு மூன்று வாரத்துக்கு ஒருமுறை போடும் ஊசி என்றால் இரண்டு ஊசிக்கும் நடுவில் கொடுப்பது வழக்கம். மூன்று மாத இடைவெளியில் போடும் அண்டெகனோயேட் வகை டெஸ்டோஸ்டிரோன் என்றால் அடுத்த ஊசிக்குச் சற்று முன்னால். எதுவானாலும் ஒவ்வொரு முறையும் அதே கட்டத்தில் கொடுத்தால்தான் ஒப்பிட முடியும்.

இன்னொன்று. வழக்கமான ஈஸ்ட்ரடியால் பரிசோதனை பெண்களின் உயர்ந்த அளவுகளுக்குப் பொருந்துவது. ஆண்களின் குறைந்த அளவில் தடுமாறும். குறைந்த அளவையும் துல்லியமாகக் காட்டும் 'எல்சி-எம்எஸ்' முறை லேபில் இருக்கிறதா என்று கேளுங்கள். ஆண்களுக்குப் பொதுவாக மில்லிலிட்டருக்கு சுமார் 10 முதல் 40 பிகோகிராம் வரை என்று போடுவார்கள். லேபுக்கு லேப் கொஞ்சம் மாறும். முடி கொட்டுகிறதென்று பயோட்டின் மாத்திரை சாப்பிடுபவர்கள் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள், அது சில பரிசோதனைகளைக் குழப்பும்.

படி 3: எண்ணையும் உடம்பையும் சேர்த்துப் பாருங்கள்

எண் கொஞ்சம் கூடுதல், தொந்தரவு எதுவும் இல்லை என்றால் பொதுவாக மருந்து வேண்டியதில்லை. மார்க்காம்பில் வலி, காம்புக்குக் கீழே கட்டி, கால் வீக்கம் என்றால் டாக்டரிடம் போங்கள். ஒரு பக்கம் மட்டும் கெட்டியான கட்டி என்றால் தள்ளிப்போடவே வேண்டாம். கால் வீக்கத்துக்கு ஊறுகாய், அப்பளம், கருவாட்டு உப்பும் ஒரு காரணமாக இருக்கலாம். என் வீட்டில் இதைச் சொன்னால் யாரும் ஏற்பதில்லை, அது வேறு கதை.

படி 4: முதலில் ஊசியின் அளவு

எனக்கு எண்டோகிரைனாலஜிஸ்ட் (ஹார்மோன் டாக்டர்) செய்தது இவ்வளவுதான்: மாத்திரையை நிறுத்தினார், ஊசியின் மொத்த அளவைக் கொஞ்சம் குறைத்து, இடைவெளியையும் சுருக்கினார். ஒரேயடியாகப் பெரிய அளவு உள்ளே போகாததால் உச்சம் தணிந்தது, மார்க்காம்பு வலியும் போனது. இதை நீங்களாகச் செய்யாதீர்கள். கூடவே எடையைக் குறைப்பது, குடியை விடுவது. காலையில் நடேசன் பூங்காவைச் சுற்றி நடக்கிறேன்; வெயில் ஏறுவதற்குள் முடித்துவிட வேண்டும்.

படி 5: மாத்திரை கடைசியில்

அனஸ்ட்ரோசோல் மார்பகப் புற்றுநோய்க்காக வந்த மருந்து. ஆண்களுக்கு இந்தக் காரணத்துக்காகக் கொடுப்பது டாக்டரின் தனிப்பட்ட தீர்மானம். கொடுத்தாலும் ரத்தம் பார்த்துக்கொண்டேதான் கொடுப்பார்.

அப்புறம், ஈஸ்ட்ரோஜனையே துரத்திக்கொண்டு ஹீமடோகிரிட்டை, அதாவது ரத்தத்தில் சிவப்பணுக்களின் பங்கை, மறந்துவிடாதீர்கள். அது 54 சதவீதத்தைத் தாண்டினால் ஊசியை நிறுத்தியோ குறைத்தோதான் ஆக வேண்டும். குழந்தை வேண்டும் என்பவர்கள் அதை முதல் நாளே டாக்டரிடம் சொல்லுங்கள், இந்த ஊசி விந்தணு உற்பத்தியை அடக்கிவிடும். எனக்கு அதைக்கூட யாரும் முதலில் சொல்லவில்லை.