சக்கரக் கணக்கில் எங்கே சறுக்குகிறோம்?

ஆனித் தேரோட்டத்தில் நெல்லையப்பர் தேர் நகரும்போது சக்கரத்தை மட்டும் கவனியுங்கள். அதில் ஒரு புள்ளி தரையைத் தொட்டு, மேலே போய், மறுபடி தரையைத் தொடுவதற்குள் தேர் ரத வீதியில் எவ்வளவு தூரம் நகர்ந்ததோ, அதுதான் சக்கரத்தின் சுற்றளவு. இந்தக் காட்சி மனதில் இல்லாமல் சூத்திரத்தை மட்டும் பிடித்துக்கொள்ளும் பிள்ளைகள்தான் பெரும்பாலும் மதிப்பெண்ணை விடுகிறார்கள்.

சைக்கிள் சக்கரத்தின் விட்டம் 70 செ.மீ.; 1.1 கி.மீ. போக எத்தனை சுற்று? விட்டத்தை 22/7 ஆல் பெருக்கினால் சுற்றளவு 220 செ.மீ. தூரம் 1,10,000 செ.மீ. வகுத்தால் 500 சுற்று.

இதில் அதிகம் நடக்கும் தவறு, 70ஐ ஆரம் என்று எடுத்துக்கொண்டு இரண்டால் பெருக்கிவிடுவது. விடை பாதியாகி 250 என்று வரும். முழு எண்ணாகவே வருவதால் சந்தேகமே வராது, அதுதான் ஆபத்து. கேள்வியில் 'விட்டம்', 'ஆரம்' என்ற சொல்லின் கீழ் முதலில் ஒரு கோடு போடுங்கள். சிலர் பரப்பளவு சூத்திரத்தைப் போட்டு 3850 என்று எழுதுவார்கள். அது சதுர செ.மீ.; சாலையின் நீளத்தை அதனால் வகுக்க முடியாது.

அடுத்தது அலகு. கிலோமீட்டரை மீட்டராக்கிவிட்டு, சக்கரத்தைச் சென்டிமீட்டரிலேயே விட்டால் 1100/220, அதாவது 5 சுற்று. ஐந்தே சுற்றில் ஒரு கிலோமீட்டர் தாண்டும் சைக்கிள் உண்டா? விடையை எழுதுமுன் இப்படி ஒரு கேள்வி கேட்டாலே போதும், மாட்டிக்கொள்ளும்.

டிராக்டர் கணக்கில் பெரிய சக்கரம்தான் அதிகம் சுற்றும் என்று தோன்றும். இரண்டும் ஒரே தூரம்தானே போகின்றன? முன்சக்கரம் 70 செ.மீ., பின்சக்கரம் 140 செ.மீ. விட்டம் என்றால், முன்சக்கரம் இரண்டு சுற்று சுற்றும்போது பின்சக்கரம் ஒன்றுதான். (தாமிரபரணிக் கரை வயல் சேற்றில் சக்கரம் நின்ற இடத்திலேயே சுற்றுமே, அது வேறு. சறுக்காமல் உருண்டால்தான் இந்தக் கணக்கு.)

அப்புறம் வேகம். அதே சைக்கிள் சக்கரம் நிமிடத்துக்கு 150 சுற்று சுற்றினால் 330 மீட்டர். மணிக்கு எத்தனை கி.மீ. என்று கேட்டால், பழக்கத்தில் 3.6ஆல் பெருக்கிவிடாதீர்கள், அது வினாடிக்கு இத்தனை மீட்டர் என்று கொடுத்தால்தான். இங்கே 60ஆல் பெருக்க வேண்டும்: 19,800 மீட்டர், மணிக்கு 19.8 கி.மீ.