எம்ஜிபி ரோட்ஸ்டர்: கூரைத்துணியும் ரப்பர் சீல்களும் மாற்றியது

எம்ஜிபி ரோட்ஸ்டர் என்பது மடக்கக்கூடிய துணிக்கூரை கொண்ட பழைய பிரிட்டிஷ் கார். குளிரில் அதன் வினைல் (பிளாஸ்டிக் பூச்சுத் துணி) கூரை விறைத்துச் சுருங்கிவிடும். அந்த நிலையில் எவ்வளவு இழுத்தாலும் முன்பக்கம் எட்டாது. அதனால் புதுத் துணியை இரண்டு மணி நேரம் வெயிலில் விரித்து வைத்துவிட்டுத்தான் கை வைத்தேன்.

முதலில் பின்பக்கம். கூரையின் பின்விளிம்பிலுள்ள பட்டையைப் பாடியிலுள்ள கொக்கிகளில் மாட்டி, கூரையைத் தாங்கும் மடக்குச் சட்டத்தை நிமிர்த்தி, துணியின் முன்விளிம்பை ஒட்டவேண்டிய முன்பட்டையை முன்கண்ணாடியின் மேல்விளிம்பில் பாதி மட்டும் பூட்டினேன். துணியை நடுவிலிருந்து இரு ஓரங்களுக்கும் சமமாக இழுத்து, முன்பட்டையின் விளிம்பு துணியில் படும் இடத்தில் சாக்பீஸ் கோடு போட்டேன். ஒட்டும்போது துணியை இழுத்து, அந்தக் கோடு பட்டையின் விளிம்பைவிட 10 மி.மீ. முன்னால் வரும்படி வைத்தேன். முழுதாகப் பூட்டும்போது சுருக்கம் போவது அந்த 10 மி.மீ.யால்தான். அதற்கு மேல் போனால் பூட்டு விழாது.

பட்டையில் துருவும் பழைய பசையும் இருந்தால் புதுப் பசை பிடிக்காது. சுரண்டி, பெயின்ட் அடித்து, நன்றாகக் காயவிட வேண்டும். கான்டாக்ட் பசையை இரு பரப்பிலும் பூசி, விரலில் ஒட்டாத பதம் வந்தபின் அழுத்த வேண்டும். ஓரத்து பிரஸ் பட்டன்களுக்குக் கடைசியில்தான் துளை. முன்கூட்டியே போட்டால் துணி கோணிக்கொள்ளும், துளையை மூடவும் முடியாது.

கதவு சீலின் இணைப்பைக் கீழே, வாசற்படிப் பக்கம் வைத்தேன். புது ரப்பர் தடிமன் என்பதால் கதவு அடைபடவில்லை. கதவுப் பூட்டு மாட்டும் கொண்டியைச் சற்று வெளியே நகர்த்தியதும் சரியானது. ஒழுகினால் உடனே சீலைக் குறைசொல்ல வேண்டாம். பெரும்பாலும் கதவுக் கண்ணாடியின் சாய்வுதான் காரணம்.

சில நாட்கள் கூரையை மடக்காமல் பூட்டியே வைத்திருந்தேன்.