கதாபாத்திரத்தின் தவறா, கதையின் ஓட்டையா? 'தி வாக்கிங் டெட்' தொடரை எடைபோடும் முறை

ஜாம்பித் தொடர் ஓடும் வீட்டில் யாராவது ஒருவர் திரையைப் பார்த்து, "இவர் ஏன் இப்படிச் செய்கிறார், கொஞ்சமாவது யோசிக்க வேண்டாமா?" என்று கேட்காமல் ஓர் எபிசோடு முடிவதில்லை. அந்தக் கேள்விக்குள் இரண்டு கேள்விகள் கலந்து கிடக்கின்றன. அந்த மனிதர் எடுத்த முடிவு தவறா என்பது ஒன்று. அப்படி முடிவெடுக்கும்படி அவரைக் கொண்டுவந்து நிறுத்திய கதை, தானே வகுத்த விதிகளுக்குள் நிற்கிறதா என்பது மற்றொன்று. முதலாவது, கதைக்கு உயிர் தரும் தவறு. இரண்டாவது, எழுத்தாளரின் குறை. 2010 அக்டோபர் 31 அன்று அமெரிக்காவின் ஏஎம்சி தொலைக்காட்சியில் தொடங்கி, 11 சீசன்களும் 177 எபிசோடுகளும் கடந்து 2022 நவம்பர் 20 அன்று நிறைவுற்ற 'தி வாக்கிங் டெட்' தொடரில் இவ்விரண்டும் நிறையவே உள்ளதால், பிரித்தறியப் பழகுவதற்கு அதையே எடுத்துக்கொள்கிறேன். தொடரின் பல மரணங்கள் இங்கே பேசப்படுகின்றன. இனிமேல்தான் பார்க்கப்போகிறவர்கள் பார்த்துவிட்டு வந்து படிப்பது நல்லது.

முதல் வேலையாக, அந்த உலகத்தின் விதிகளை ஒரு தாளில் எழுதுங்கள். இறந்தபின் எழுந்து மனிதரைக் கடிக்கும் நடைப்பிணம், மூளையைச் சிதைத்தால்தான் விழும். சத்தமும் வாடையும் அதை இழுக்கும். கடிபட்டவர் காய்ச்சலில் இறந்து எழுவார் என்பவை எல்லோருக்கும் நினைவிருக்கும். எண்களோடு சொல்லப்பட்ட விதிகளைத்தான் பலர் தவறவிடுகிறார்கள். முதல் சீசனின் கடைசி எபிசோடில், அட்லாண்டாவின் நோய்க் கட்டுப்பாட்டு மையத்தில் தனியாக மிஞ்சியிருக்கும் மருத்துவர் ஜென்னர், இறந்தவர் எழுவதற்கு மிகக் குறைந்த நேரமாக 3 நிமிடமும் மிக நீண்ட நேரமாக 8 மணி நேரமும் தெரியவந்தன என்றும், தாம் கண்ணெதிரே கவனித்த நோயாளிக்கு 2 மணி 1 நிமிடம் 7 வினாடி ஆயிற்று என்றும் சொல்கிறார். ஒவ்வொரு விதிக்கும் பக்கத்தில், அது எந்த எபிசோடில், யாருடைய காதில் விழுந்தது என்பதையும் குறியுங்கள். எல்லோருடைய உடலிலும் நோய் ஏற்கெனவே இருக்கிறது என்பதை ஜென்னர், தப்பிப் பிழைத்தவர்களின் தலைவரான ரிக்கின் காதில் மட்டும் சொல்கிறார். மற்றவர்கள் அதை அறிவது இரண்டாம் சீசனின் முடிவில்தான். இடைப்பட்ட காலத்தில் அவர்கள் எடுத்த எந்த முடிவையும் இந்த உண்மையை வைத்து எடைபோடக் கூடாது.

அடுத்ததாக, முடிவெடுத்த கணத்தில் அந்த மனிதருக்குத் தெரிந்தது என்ன என்பதை மட்டும் எழுதுங்கள். பின்னால் நடந்ததைக் கையால் மறைத்துவிடுங்கள். நான்காம் சீசனில் ரிக்கின் கூட்டம் தங்கியிருக்கும் சிறைச்சாலைக்குள் காய்ச்சல் பரவும்போது, நோயுற்றுத் தனியாக வைக்கப்பட்டிருந்த கேரனையும் டேவிட்டையும் அந்தக் கூட்டத்தைச் சேர்ந்த கேரல் கொன்று எரித்துவிடுகிறார். காய்ச்சல் அதன்பிறகும் பரவியது என்பதால் அவர் செய்தது முட்டாள்தனம் என்று வாதிடுவது எளிது. ஆனால் அதற்கு முன்தான், காய்ச்சலில் இரவில் இறந்துபோன பேட்ரிக் என்ற இளைஞன் எழுந்து, தூங்கிக்கொண்டிருந்தவர்களைக் கடித்து ஒரு சிறைத் தொகுதியையே சுடுகாடாக்கியிருந்தான். அதைக் கண்ணால் கண்டவர் எடுத்த முடிவு அது. அறத்தின்படி அதை ஏற்கலாமா என்பது தனி வழக்கு. அந்த வழக்கில், இதற்காகக் கேரலை வெளியேற்றிய ரிக்கின் பக்கம்தான் நான் நிற்பேன். ஆனால் கதைத் தர்க்கத்தில் அங்கே ஓட்டை எதுவும் இல்லை.

மூன்றாவது, காலக் கணக்கு. இதைச் செய்ய யாருக்கும் பொறுமை இருப்பதில்லை. ஆனால் இதுவே மிக அதிகமான புகார்களைத் தீர்த்துவைக்கும். இரண்டாம் சீசனில், காணாமல் போன சிறுமி சோஃபியாவைப் பல நாள் காடு முழுவதும் தேடுகிறார்கள். ஏழாவது எபிசோடில் அவள், அவர்கள் தங்கியிருந்த ஹெர்ஷலின் பண்ணைக் கொட்டகையிலிருந்தே நடைப்பிணமாக வெளியே வருகிறாள். வீட்டுக்காரருக்குத் தெரியாமல் இது எப்படி நடக்கும் என்பது நியாயமான கேள்வி. அடுத்த எபிசோடில், நடைப்பிணங்களைப் பிடித்துக் கொட்டகையில் அடைத்துவந்தவர் தம் பண்ணையாள் ஓட்டிஸ் என்று ஹெர்ஷல் சொல்கிறார். ஓட்டிஸோ மூன்றாவது எபிசோடிலேயே இறந்துவிட்டார். இப்போது நாள்களை எண்ணிப் பாருங்கள். சோஃபியா நெடுஞ்சாலையிலிருந்து காட்டுக்குள் ஓடியது முதல் நாள். மான் வேட்டையில் ஓட்டிஸின் குண்டு ரிக்கின் மகன் கார்ல் மீது பாய்ந்தது மறுநாள். அன்றிரவே ஓட்டிஸ் இறக்கிறார். ஆகவே அவள் கடிபட்டு, இறந்து, எழுந்து, ஓட்டிஸின் கையில் அகப்படுவதற்கு ஏறக்குறைய ஒரு நாள்தான் இடமிருக்கிறது. ஜென்னர் சொன்ன எண்களோடு ஒப்பிட்டால், நெருக்கடியான கணக்கு என்றாலும் பொய்க் கணக்கு அன்று. அதோடு, பெரியவர்கள் தேடிய நாள்களில் பெரும்பாலானவற்றில் அவள் ஏற்கெனவே அந்தக் கொட்டகைக்குள்தான் இருந்தாள் என்பது இந்தக் கணக்கைப் போட்ட பிறகுதான் மனத்தில் முழுதாக இறங்குகிறது. தர்க்கத்தைச் சரிபார்க்க உட்கார்ந்தவரைக் கதையின் துயரம் இப்படிப் பிடித்துக்கொள்வதை நான் அந்தத் தொடரின் பெரிய வெற்றியாகவே கருதுகிறேன்.

நான்காவது, அந்த மனிதரின் இயல்பும் அப்போதைய மனநிலையும். ஒரு தவறான முடிவுக்கு விதை முன்பே ஊன்றப்பட்டிருக்கிறதா என்று பின்னோக்கித் தேடுங்கள். ஆறாம் சீசனின் ஒன்பதாவது எபிசோடில், ரிக்கின் குழு தம் வாடையை மறைக்க நடைப்பிணங்களின் குடலையும் இரத்தத்தையும் பூசிக்கொண்டு அவற்றின் நடுவே கைகோத்து நடக்கிறது. சிறுவன் சாம் அச்சத்தில் உறைந்து நிற்க, அவனும் அவன் தாய் ஜெஸ்ஸியும் அண்ணன் ரானும் இறக்கிறார்கள். இதைத் திடீர்த் திருப்பம் என்று சொல்ல இயலாது. முந்தைய சீசனில் கேரல் அவனை மிரட்டிப் பேசியது, அதன்பின் அவன் பயத்தில் மாடியைவிட்டு இறங்கவே மறுத்தது எல்லாம் காட்டப்பட்டிருக்கின்றன. வழியில் பாதிரியார் கேப்ரியலோடு பாதுகாப்பான இடத்துக்குப் போய்விடும்படி தாய் கேட்கிறார். அவன் மறுக்க, அவர் விட்டுக்கொடுக்கிறார். மிகத் தவறான முடிவு, ஆனால் ஒரு தாய் எடுக்கக்கூடிய முடிவு. இதற்கு எதிர்ப்பக்கத்தில் மூன்றாம் சீசனின் இறுதியில், முதல் சீசனிலிருந்தே தொடரில் இருக்கும் ஆண்ட்ரியாவின் மரணம் நிற்கிறது. நாற்காலியில் கட்டப்பட்டிருக்கிறார், விடுவித்துக்கொள்ள உதவும் குறடு காலடியில் கிடக்கிறது, எதிரே கத்திக்குத்துப்பட்ட மில்ட்டன் எந்நேரமும் இறந்து எழக்கூடும். அந்த நேரத்தில் அவர் குறட்டைக் காலால் இழுப்பதை நிறுத்திவிட்டு, மில்ட்டனிடம் மனம்விட்டுப் பேசிக்கொண்டிருக்கிறார். முதல் சீசனில் தங்கை ஏமி இறந்து எழுவதை மடியில் வைத்துப் பார்த்தவர் அவர். அந்தக் கணத்தின் மதிப்பு அவரைவிட வேறு யாருக்கும் தெரிந்திருக்க முடியாது. அவரைக் கொன்றாக வேண்டும் என்ற கதையின் தேவைதான் அங்கே அவரை நிறுத்திவைத்தது என்பதே என் தீர்ப்பு.

அந்தக் குடல் பூச்சைப் பற்றியே இன்னும் சற்றுப் பேச வேண்டும், ஏனெனில் தொடரின் மிகப் பெரிய தர்க்கச் சிக்கல் அதுதான். இரண்டாவது எபிசோடிலேயே ரிக்கும் கிளென்னும் அதைப் பூசிக்கொண்டு அட்லாண்டா தெருவில் நடக்கிறார்கள். மழை வந்து கழுவிவிடுவதால் ஆபத்தில் சிக்குகிறார்கள். ஆக, வழி பயன் தருகிறது, மழைக்கு மட்டும் அஞ்ச வேண்டும் என்பது விதி. பிறகு ஏன் தினமும் அதைச் செய்வதில்லை? ஐந்தாம் சீசனின் தொடக்கத்தில் கேரல் அதைக்கொண்டே எதிரிகளின் முகாமான டெர்மினஸிலிருந்து எல்லோரையும் மீட்கிறார் என்பதால், மறந்துவிட்டார்கள் என்றும் சொல்ல முடியாது. எட்டாம் சீசனில்தான், பூசிக்கொண்டு தப்பிய கேப்ரியல் கடும் நோயில் விழுகிறார். இந்த விதி தொடக்கத்திலேயே வந்திருந்தால் கேள்வி அடங்கியிருக்கும். முன்பு பூசியவர்கள் ஒருவருக்கும் நோய் வராத நிலையில், அது தேவைக்காகப் பின்னால் ஒட்டவைத்த விதியாகவே தெரிகிறது. விதித் தாளில் எபிசோடு எண்ணைக் குறிக்கச் சொன்னது இதற்காகத்தான்.

கடைசியாக, தவறு கதாபாத்திரத்துடையதா, கேமராவுடையதா என்று பாருங்கள். ஆறாம் சீசனின் மூன்றாவது எபிசோடில் குப்பைத் தொட்டியின் மேலிருந்து கிளென் கீழே விழ, அவர் நெஞ்சிலிருந்தே குடல் பிடுங்கப்படுவதுபோல் காட்டினார்கள். அது உடன் நின்று அவர்மேல் விழுந்த நிக்கலஸின் உடல் என்பதையும், அவர் தொட்டிக்கு அடியில் நுழைந்து தப்பினார் என்பதையும் நான்கு வாரம் கழித்துத்தான் சொன்னார்கள். இடையில் தொடக்கப் பெயர்ப்பட்டியலிலிருந்து நடிகர் ஸ்டீவன் யூனின் பெயரையும் எடுத்துவிட்டார்கள். முன்பு தம்மைக் கொல்ல முயன்ற அந்த நிக்கலஸுக்கே மறுவாய்ப்புத் தந்த கிளென் அந்த இடத்தில் நின்றது அவர் இயல்புக்கு முழுவதும் பொருந்தும். ஏமாற்றியது படமாக்கிய விதம். ஏழாம் சீசனின் முதல் எபிசோடில் ரிக்கின் குழுவைச் சேர்ந்த டேரில், எதிரிக் கூட்டத்தின் தலைவர் நேகனை முஷ்டியால் குத்தியதும் கிளென் கொல்லப்படுவது வேறு வகை. முதல் முறை மீறியதை மன்னிப்பதாகவும் இனி யாரும் அசையக் கூடாது என்றும் நேகன் முந்தைய சீசனின் முடிவிலேயே சொல்லிவிட்டிருந்தார். பார்க்க முடியாத அளவு கொடுமையான காட்சி. ஆனால் தர்க்கம் பிசகவில்லை.

பெட்ரோல் இத்தனை நாள் எப்படிக் கெடாமல் இருந்தது, கார்ல் ஏன் கதையின் காலத்தைவிட வேகமாக வளர்கிறான் என்பன போன்றவற்றில் நேரத்தைச் செலவிட வேண்டியதில்லை. அவை எந்த மனிதரின் முடிவையும் மாற்றுவதில்லை.

பயிற்சியைத் தொடங்க இரண்டாம் சீசனின் ஏழாவது எபிசோடு ஏற்றது. ரிக்கின் நண்பர் ஷேன் கொட்டகையின் பூட்டை உடைக்கும் இடத்தில் நிறுத்தி, ஹெர்ஷல், ஷேன், ரிக், கிளென் ஆகிய நால்வரும் அந்த நிமிடத்தில் அறிந்தது எது, நம்பியது எது என்று தனித்தனியே எழுதுங்கள். பிறகு தொடர்ந்து பாருங்கள். கடைசியாக வெளியே வரும் சிறுமியின் முன் மற்ற எல்லோரும் திகைத்து நிற்க, ரிக் மட்டும் துப்பாக்கியோடு முன்னே வருவது ஏன் என்பதற்கான விடை அந்த எபிசோடில் இல்லை. சீசனின் முதல் எபிசோடில், ஓடைக்கரையில் அவளை ஒளித்துவைத்துவிட்டு அவர் சொன்ன சொற்களில் இருக்கிறது. அதையும் கையோடு எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.