மிச்சக்காசில் பிழைக்குற்றி தேடும்போது நாம் ஏமாறும் இடங்கள்

திருகோணமலை மீன் சந்தையில் தந்த மிச்சக்காசில் ஒருநாள் வெள்ளை நிற ஐந்து ரூபா குற்றி ஒன்று வந்தது. நமக்குப் பழகிய ஐந்து ரூபா மஞ்சள். முலாம் பூச மறந்துவிட்டார்கள், இது அடிக்கும்போதே தவறிப்போன பிழைக்குற்றி என்று நினைத்து ஒரு வாரம் பொத்திப்பொத்தி வைத்திருந்தேன். 2017இலிருந்து ஐந்து ரூபாவையும் துருப்பிடிக்காத உருக்கில்தான் அடிக்கிறார்கள் என்பது அப்புறம்தான் தெரியவந்தது. குற்றி பஸ் காசோடு போனது.

காந்தமும் இப்படித்தான் ஏமாற்றும். 1984ஆம் ஆண்டு ஐந்து ரூபா காந்தத்தில் ஒட்டாது. 2005இல் வந்த, பித்தளை பூசிய உருக்குக் குற்றி ஒட்டும். உலோகத்தை மாற்றியிருக்கிறார்கள், அவ்வளவுதான். 2013 என்று பொறித்த பத்து ரூபாவில் 25 மாவட்டங்களுக்கும் தனித்தனிப் படம் உண்டு. திருகோணமலைக் குற்றி கிடைத்தால் ஊர்ப்பாசத்துக்கு வைத்துக்கொள்ளுங்கள், பிழை என்று விற்கப் போகாதீர்கள்.

விளிம்பைக் கடித்து எடுத்ததுபோன்ற குற்றிதான் ஆட்களை அதிகம் மயக்குவது. உலோகத் தகட்டிலிருந்து வட்டம் வெட்டும்போது தகடு போதுமான அளவு நகராவிட்டால், முன்பு வெட்டிய துளையின்மேல் வெட்டு விழும். பிறை வடிவில் ஒரு துண்டு குறையும். இதை அரத்தாலும் செய்யலாம் அல்லவா? அதனால் குறைந்த இடத்தைப் பார்க்காமல் அதற்கு நேரெதிர்ப் பக்கத்தைப் பாருங்கள். அச்சடிக்கும் முன் வட்டத்தை உருட்டி விளிம்பை உயர்த்துவார்கள். ஒரு பக்கம் வெட்டுப்பட்டிருந்தால் எதிர்ப்பக்கத்துக்கு அழுத்தம் போதாது, அங்கே விளிம்பு பெரும்பாலும் மங்கியிருக்கும். அது கூர்மையாக இருந்து, வெட்டில் கீறலும் தெரிந்தால் யாரோ அராவிய குற்றிதான்.

குற்றியில் தெரியும் கோடுகளைச் சோதிக்க விரல்நகம் போதும். குற்றியில் உருவத்தைப் பதிக்கும் அச்சில் வெடிப்பு இருந்தால் உலோகம் அதற்குள் புகுந்து, குற்றியில் கோடு மேலே புடைத்து நிற்கும். குழிந்த கோடு வெறும் கீறல். எழுத்து இரட்டையாகத் தெரிந்தாலும் அவசரப்படக் கூடாது. இரண்டாவது எழுத்து தட்டையாக, படிபோல இருந்தால் அடிக்கும்போது அச்சு சற்று ஆடியிருக்கிறது. அதற்குப் பெரிதாக விலை கிடைக்காது.

நம் ஊர் உப்புக்காற்றில் முலாம் பூசிய குற்றிகள் கொப்புளித்துத் துருவேறும். அதையும் பிழை என்று காட்டுகிறார்கள். சரி, கழுவிப் பார்க்கலாம் என்று தேசிக்காய் தேய்த்துவிடாதீர்கள். உண்மையான வெடிப்புக்கோடு இருந்த இரண்டு ரூபா ஒன்றை நான் அப்படித்தான் பளபளவென்று தேய்த்து வீணாக்கினேன்.